கடல் பாக்டீரியாவில் புதிய சிற்றினம்: சேறு அள்ளுவதிலிருந்து பெயர் பதிவாகும் வரை

"அக்கா, 97.8 சதவீதம்தான் வருது. புதுசுதானே?"

ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் 16எஸ் வரிசை, அதாவது பாக்டீரியாவை அடையாளம் காண எல்லாரும் படிக்கும் மரபணுவின் வரிசை, கைக்குக் கிடைத்த அன்றே இப்படி ஓடி வருவார்கள். ஏற்கெனவே தெரிந்த சிற்றினத்தோடு அது எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சொல்லும் அந்த எண் ஒரு சந்தேகத்தைக் கிளப்புகிறது, அவ்வளவுதான். பக்கத்து உறவுக்காரப் பாக்டீரியாக்களை அதே தட்டில், அதே வெப்பத்தில், அதே நாளில் வளர்த்து ஒப்பிட்ட பிறகுதான் "புதியது" என்ற சொல்லை வாயில் எடுக்கலாம். ஒரு வருடத்தில் முடியக்கூடிய இந்த வேலை மூன்று வருடம் இழுப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படி இழுத்தவர்களுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்தார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் ஒவ்வொரு படியையும் அது வர வேண்டிய இடத்திலேயே வைத்து, ஏன் அங்கே என்பதையும் சொல்கிறேன்.

பேரினம், சிற்றினம், பிசிஆர், ஆட்டோகிளேவ் என்றால் என்னவென்று தெரிந்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் பாக் விரிகுடா, மன்னார் வளைகுடாக் கரையிலிருந்து. 2013-இல் அறிவிக்கப்பட்ட போட்டோபேக்டீரியம் மரைனம் என்ற சிற்றினமே பாக் விரிகுடாவின் சேற்றிலிருந்து பிரித்தெடுத்ததுதான்.

1. படகில் ஏறுவதற்கு முன்பே முடிக்க வேண்டியவை

அனுமதி முதலில். மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பகுதியும் வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ளவை. அங்கே மாதிரி எடுக்க எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். பவளப்பாறை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. விரல் நுனி அளவு ஒடித்தாலும் குற்றம். பூங்காவுக்கு வெளியே, மீனவர் தினமும் போய்வரும் இடத்தில் சேறும் கடல்நீரும் எடுப்பது தொடக்கநிலை ஆய்வாளருக்கு எளிது.

இரண்டாவது, முடிவிலிருந்து பின்னோக்கி யோசியுங்கள். பெயர் செல்லுபடியாக வேண்டுமானால் உங்கள் ஸ்ட்ரெயின் (ஒரே காலனியிலிருந்து பிரித்தெடுத்த தூய வளர்ப்பு) இரண்டு வெவ்வேறு நாடுகளின் நுண்ணுயிர் சேமிப்பகங்களில் இருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து உயிருள்ள வளர்ப்பை வெளிநாட்டுக்கு அனுப்புவது பல்லுயிர் பெருக்கச் சட்டத்தின் கீழ் வருகிறது. தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. உங்கள் திட்டத்துக்கு எந்தப் படிவம் என்று மாதிரி எடுக்கும் முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள். எல்லா வேலையும் முடித்துவிட்டு இந்த ஒரு காகிதத்துக்காக எட்டு மாதம் காத்திருந்த மாணவியை எனக்குத் தெரியும்.

மூன்றாவது, களக்குறிப்பேடு. நாள், நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், நீரின் வெப்பம், உப்புத்தன்மை, பிஹெச், சேற்றின் நிறம், வாடை. கட்டுரையின் முதல் வரியே "இந்த இடத்தில், இந்த நாளில் எடுத்த மாதிரியிலிருந்து" என்றுதான் தொடங்கும். பிறகு நினைவிலிருந்து எழுத முடியாது. குறிப்பாக உப்புத்தன்மை: வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பாக் விரிகுடாவின் உப்பு குறையும், கோடையில் ஏறும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் ஊடகத்தின் உப்பை முடிவு செய்வீர்கள்.

2. மாதிரி எடுத்தல்

கிருமிநீக்கிய 50 மில்லி குழாயில், மேல் சேறு இரண்டு சென்டிமீட்டரை மட்டும் அள்ளுங்கள். அதற்குக் கீழே சேறு கறுத்து அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது ஆக்சிஜன் இல்லாத அடுக்கு. அங்கே வாழ்பவை வேறு, அவற்றை வளர்க்கும் முறையும் வேறு. இரண்டையும் ஒரே குழாயில் கலக்காதீர்கள்.

தெர்மகோல் பெட்டியில் ஐஸ் போட்டுக் கொண்டுவரும்போது குழாயைக் கனமான பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். உருகிய ஐஸ் நன்னீர். மூடியின் விளிம்பு வழியே அது உள்ளே கசிந்தால் உப்புக்குப் பழகிய செல்கள் வெடித்துவிடும். ஃப்ரீசரில் உறையவைக்கவும் வேண்டாம். அன்று மாலைக்குள் தட்டில் பரப்புவது நல்லது. முடியாவிட்டால் மறுநாள் காலை. அதைத் தாண்டினால் வேகமாக வளரும் நான்கைந்து பாக்டீரியாக்கள் குழாய்க்குள்ளேயே பெருகி மற்றதை அமுக்கிவிடும்.

3. தட்டில் வளர்த்தல்

எல்லாரும் எடுப்பது மரைன் அகார் 2216. லிட்டருக்கு 5 கிராம் பெப்டோன், 1 கிராம் ஈஸ்ட் சாறு, கடலில் உள்ள உப்புகள். நல்ல ஊடகம்தான். ஆனால் அது மட்டும் போதாது என்பது என் கருத்து. ஏனென்றால் 5 கிராம் பெப்டோன் கடல்வாசிகளுக்குக் கல்யாண விருந்து. விப்ரியோ போன்ற வேகக்காரர்கள் ஒரே இரவில் தட்டை நிரப்பிவிடுவார்கள். கடல் பாக்டீரியாக்களில் தட்டில் வளர்பவை ஒரு சதவீதத்துக்கும் கீழே. மெதுவாக வளர்பவற்றுக்கு நாம்தான் இடம் ஒதுக்க வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு மாதிரிக்கும் மூன்று வகைத் தட்டு: முழு மரைன் அகார்; உப்பு மட்டும் குறையாமல், பத்தில் ஒரு பங்கு சத்தோடு அதே ஊடகம்; கடல்நீரில் கரைத்த ஆர்2ஏ என்ற சத்துக் குறைந்த அகார். நீர்த்தலை 10-இல் ஒன்றிலிருந்து லட்சத்தில் ஒன்று வரை கொண்டுபோய், ஒவ்வொன்றிலும் 0.1 மில்லி பரப்புங்கள். நீர்த்தலுக்குக் கிருமிநீக்கிய கடல்நீரைத்தான் பயன்படுத்த வேண்டும். மருத்துவ ஆய்வகப் பழக்கத்தில் 0.85 சதவீத உப்புநீரை எடுப்பது முதல் தவறு. கடல்நீரின் உப்பு 3.5 சதவீதம்.

இன்குபேட்டரை 28 டிகிரியில் வையுங்கள். 37 டிகிரி மனித உடலுக்கான எண். தட்டுகளைப் பாராஃபிலிம் சுற்றி, ஈரத்துணி வைத்த டப்பாவில் அடுக்கி, மூன்று வாரம் வைத்திருங்கள். இரண்டாம் நாள் தெரிபவற்றை மார்க்கரால் அடியில் வட்டமிடுங்கள். பத்தாம் நாள் வட்டமில்லாத காலனி ஏதாவது புதிதாகத் தலைகாட்டினால் அதைத்தான் முதலில் தொட வேண்டும். எழுதுவது எப்போதும் தட்டின் அடிப்பாகத்தில். மூடி மாறிப்போகும், அடி மாறாது.

4. தூய்மையாக்கல்: இங்கே அவசரப்பட்டால் எல்லாம் வீண்

என்னுடைய பெரிய இழப்பு இந்தப் படியில்தான் நடந்தது. தேவிபட்டினத்துக் கடற்புல் சேற்றிலிருந்து வந்த அடர்மஞ்சள் காலனி. விளிம்பு மெலிந்து பரவியிருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால் அகாரில் லேசான குழி தெரியும். அகாரையே கரைத்து உண்ணும் ரகம். இரண்டு முறை கோடிழுத்தேன் (லூப் என்ற கம்பி வளையத்தால் காலனியைத் தொட்டு, தனித்தனிக் காலனி வரும்படி புதுத் தட்டில் தேய்ப்பது), தட்டு முழுக்க ஒரே மஞ்சள், தூய்மை என்று முடிவு செய்தேன். மாதக்கணக்கில் சோதனைகள். ஜீனோம் வந்தது: 4 மெகாபேஸுக்குள் (மெகாபேஸ் என்பது பத்து லட்சம் டிஎன்ஏ எழுத்து) இருக்க வேண்டியது 8.7 மெகாபேஸ். உள்ளே இரண்டு 16எஸ் மரபணு. மஞ்சள் காலனியின் அடியில் நிறமே இல்லாத ஒரு விப்ரியோ ஒட்டிக்கொண்டு வாழ்ந்திருக்கிறது. மஞ்சள் அகாரைக் கரைத்துச் சர்க்கரையாக்க, அதை இது தின்று வளர்ந்திருக்கிறது. அதுவரை எழுதிய ஒவ்வொரு பாசிட்டிவும் யாருடையது என்று சொல்ல வழியில்லை. எல்லாவற்றையும் தூக்கிப்போட்டு மீண்டும் தொடங்கினேன்.

அதன்பிறகு நான் கடைப்பிடிப்பது இதுதான். குறைந்தது ஐந்து முறை தனிக்காலனியிலிருந்து தனிக்காலனிக்குக் கோடிழுக்க வேண்டும். அவற்றில் ஒரு முறையாவது வேறு ஊடகத்தில் இழுக்க வேண்டும், ஏனெனில் ஒரு ஊடகத்தில் ஒளிந்திருப்பது இன்னொன்றில் வெளியே வரும். ஒரு முறை, காலனியைக் கடல்நீரில் கரைத்து, வோர்டெக்ஸ் என்ற குலுக்கும் கருவியில் ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கி, நீர்த்துப் பரப்புங்கள். பசைபோல ஒட்டியிருக்கும் ஜோடிகளைப் பிரிப்பது இந்தக் குலுக்கல்தான், லூப் இல்லை. தட்டை 24 மணி நேரத்தில் ஒருமுறை, மூன்றாம் நாள் ஒருமுறை, ஏழாம் நாள் ஒருமுறை பாருங்கள். ஏழாம் நாளில் காலனி நடுவே வேறு நிறத்தில் ஒரு புள்ளி எழுந்தால் அது தூய்மையில்லை.

கடைசியாக மைக்ராஸ்கோப். ஒரே அளவு, ஒரே வடிவச் செல்கள்தானா என்று பத்து இடத்திலாவது பாருங்கள். வயதான வளர்ப்பில் கோல்வடிவம் உருண்டையாவது சில பாக்டீரியாக்களுக்கு இயல்பு. எனவே இளம் வளர்ப்பையும் முதிர்ந்ததையும் சேர்த்துப் பார்த்தபிறகே "இரண்டு ரகம்" என்று பயப்படுங்கள்.

இன்னொரு விஷயம். அதே மாதிரியிலிருந்து அதே தோற்றமுள்ள வேறு காலனிகளையும் தனித்தனி எண் கொடுத்து எடுத்து வையுங்கள். ஒரே ஒரு ஸ்ட்ரெயினை வைத்துச் சிற்றினத்தை வரையறுப்பது ஒரே ஆளைப் பார்த்து ஊரைப் பற்றிப் பேசுவது மாதிரி. இரண்டு மூன்று ஸ்ட்ரெயின் இருந்தால் எந்தப் பண்பு சிற்றினத்துக்கு உரியது, எது அந்தத் தனி ஸ்ட்ரெயினுக்கு மட்டும் என்று பிரிக்கலாம்.

5. உடனே சேமித்தல்

தூய்மை உறுதியான அன்றே மரைன் பிராத்தில் 20 சதவீதம் கிளிசரால் சேர்த்து, குறைந்தது பத்துக் குப்பி, மைனஸ் 80 டிகிரியில். ஒரு வாரம் கழித்து ஒன்றை எடுத்து உயிரோடு வருகிறதா என்று பாருங்கள். இனி ஒவ்வொரு சோதனையும் இந்தக் குப்பியிலிருந்தே தொடங்க வேண்டும். தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே போனால் சில மாதங்களில் நிறம், நகரும் திறன் போன்றவை மாறிவிடும். முதலில் சோதித்ததும் கடைசியில் சோதித்ததும் ஒன்றாக இருக்காது.

6. 16எஸ்: எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும்

27எஃப், 1492ஆர் என்ற பிரைமர்களை வைத்துப் பிசிஆர் செய்தால் சுமார் 1,500 பேஸ் (டிஎன்ஏ எழுத்து) நீளத் துண்டு கிடைக்கும். வரிசையைப் படிக்கும் சாங்கர் முறையில் ஒரு ஓட்டம் தெளிவாகப் படிப்பது 700 முதல் 900 பேஸ். ஆகவே இரு பக்கத்திலிருந்தும் படித்து, நடுப்பகுதிக்கு உள்பிரைமர் ஒன்றும் போட்டு, 1,400 பேஸுக்குக் குறையாத முழு வரிசையாகக் கோர்க்க வேண்டும். 700 பேஸ் துண்டை வைத்துக்கொண்டு சதவீதம் பேசக் கூடாது. மரபணுவில் சில பகுதி வேகமாக மாறும், சில பகுதி மாறவே மாறாது. எந்தத் துண்டு கிடைத்தது என்பதைப் பொறுத்து எண் ஏறும், இறங்கும்.

ஒவ்வொரு எழுத்தையும் ஒரு சிகரமாகக் காட்டும் குரோமட்டோகிராமைக் கண்ணால் பார்ப்பதைத் தவிர்க்கவே முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1,450 பேஸில் பத்து எழுத்துத் தவறாகப் படிக்கப்பட்டால் 0.7 சதவீதம் போய்விடுகிறது. உண்மையில் 99.1 ஆக இருந்தது 98.4 ஆகிவிடும். ஒரு பழைய சிற்றினம் தட்டச்சுப் பிழையால் "புதியது" ஆகிவிடும். வரிசையின் இரு முனைகளிலும் சிகரங்கள் குழம்பியிருக்கும் பகுதியை இரக்கமில்லாமல் வெட்டுங்கள். நடுவில் ஒரே இடத்தில் இரண்டு சிகரம் தெரிந்தால் கலப்பு வளர்ப்பாக இருக்கலாம். அல்லது அந்த ஜீனோமில் ஒன்றுக்கொன்று சற்றே வேறுபட்ட பல 16எஸ் பிரதிகள் இருக்கலாம். விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸில் அப்படிப் பதினொரு பிரதி உண்டு.

அடுத்து எதோடு ஒப்பிடுகிறோம் என்பது. என்சிபிஐ பிளாஸ்ட் என்ற பொது வரிசைத் தேடலில் அப்படியே போட்டால் மேலே வருபவை வளர்க்கப்படாத மாதிரிகளும், யாரோ தவறான பெயரில் பதிந்தவையும். டைப் ஸ்ட்ரெயின் மட்டும் என்று வடிகட்டுங்கள், அல்லது ஈஸ்பயோகிளவுட் தரவுத்தளத்தைப் பயன்படுத்துங்கள். டைப் ஸ்ட்ரெயின் என்பது ஒரு பெயருக்கு நிரந்தரமாகக் கட்டப்பட்ட உயிருள்ள வளர்ப்பு. பெயரோடு ஒப்பிடுவது என்றால் அதோடு ஒப்பிடுவதுதான். பிறகு செல்லுபடியான பாக்டீரியாப் பெயர்களைப் பட்டியலிடும் எல்பிஎஸ்என் தளத்தில் அந்தப் பேரினத்தின் முழுப் பட்டியலையும் சரிபாருங்கள். போன மாதம் அறிவிக்கப்பட்ட சிற்றினம் ஒப்பீட்டுத் தரவுத்தளத்தில் இன்னும் ஏறாமல் இருக்கலாம்.

இப்போது அந்த எண்ணைப் படிக்கலாம். 98.65 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் புதிய சிற்றினமாக இருக்க நல்ல வாய்ப்பு. முன்பு சொல்லப்பட்ட 97 சதவீத எல்லையை விட்டுவிடுங்கள். சுமார் 94.5-க்குக் கீழே போனால் புதிய பேரினமா என்று யோசிக்கலாம். ஆனால் 98.65-க்கு மேலே இருந்தால் பழையது என்று அர்த்தமில்லை. விப்ரியோவில் இது நன்றாகத் தெரியும். ஹார்வேயி, கேம்ப்பெல்லி போன்ற சிற்றினங்கள் 16எஸ்-இல் 99 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போகும், ஆனாலும் தனித்தனிச் சிற்றினங்கள்தான். அப்படிப்பட்ட பேரினங்களில் 16எஸ்-ஐப் பேரினம் காட்டும் கைகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு நேராக ஜீனோமுக்குப் போவதே சரி.

உறவைக் காட்டும் மரவரைபடத்தை நெய்பர் ஜாய்னிங், மேக்ஸிமம் லைக்லிஹுட் என்ற இரண்டு முறைகளிலும் வரைந்து, கிளைகள் எவ்வளவு உறுதி என்று பார்க்க 1,000 பூட்ஸ்ட்ராப் (மறுமாதிரிச் சோதனை) கொடுங்கள். இரண்டிலும் உங்கள் ஸ்ட்ரெயின் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் நம்பலாம். அந்தப் பேரினத்தின் எல்லாச் சிற்றினங்களையும் சேர்த்துத்தான் வரைய வேண்டும். அழகாக வரவேண்டும் என்று நெருங்கியவற்றில் சிலதை விட்டுவிடுவதை மதிப்பீட்டாளர் முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார்.

7. அதே நாளில் டைப் ஸ்ட்ரெயின்களுக்கு ஆர்டர்

16எஸ் முடிவு வந்த அன்று மாலையே நெருங்கிய இரண்டு முதல் நான்கு சிற்றினங்களின் டைப் ஸ்ட்ரெயின்களை வரவழைக்க எழுதுங்கள். ஜெர்மனியின் டிஎஸ்எம்இசட், ஜப்பானின் ஜேசிஎம், கொரியாவின் கேசிடிசி, நம்மூரில் சண்டிகரின் எம்டிசிசி, புனேயின் என்சிஎம்ஆர் என்று பல சேமிப்பகங்கள் உண்டு. வெளிநாட்டிலிருந்து வர இறக்குமதி அனுமதி, சுங்கம் என்று மாதங்கள் ஆகும். இதை ஜீனோம் வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு.

பழைய கட்டுரைகளிலிருந்து எண்களை எடுத்து ஒப்பிட்டால் என்ன? ஒருவர் 25 டிகிரியில் வளர்த்திருப்பார், நீங்கள் 30-இல். கொழுப்பமிலம் வெப்பத்தோடு மாறும். அப்போது நீங்கள் காட்டுவது பாக்டீரியாவின் வேறுபாடா, இன்குபேட்டரின் வேறுபாடா?

வந்த டைப் ஸ்ட்ரெயினையும் நம்பிவிடாமல், அதன் 16எஸ்-ஐ ஒருமுறை நீங்களே படித்து உறுதிசெய்யுங்கள்.

8. ஜீனோம்

இன்று ஜீனோம் இல்லாமல் புதிய சிற்றினம் இல்லை. சராசரியாக 50 மடங்கு வாசிப்பாவது, அதாவது ஒவ்வொரு எழுத்தும் சராசரியாக 50 முறையாவது படிக்கப்பட்டிருக்க, வேண்டும். வந்ததும் மூன்று சரிபார்ப்பு, அவற்றுக்குப் பிறகே மற்றது. மொத்த அளவு அந்தப் பேரினத்துக்குப் பொருந்துகிறதா? செக்எம் போன்ற மென்பொருளில் முழுமை 95 சதவீதத்துக்கு மேலும் கலப்பு 5-க்குக் கீழும் இருக்கிறதா? ஜீனோமுக்குள் இருக்கும் 16எஸ்-உம் நீங்கள் சாங்கரில் படித்த 16எஸ்-உம் ஒன்றா? மூன்றாவது பொருந்தாவிட்டால் குழாய் மாறியிருக்கிறது, அல்லது என் மஞ்சள் காலனியின் கதை திரும்ப நடந்திருக்கிறது.

பிறகு ஒப்பீடு. இரண்டு ஜீனோம்களின் சராசரி நியூக்ளியோடைடு ஒற்றுமை, அதாவது ஏஎன்ஐ, 95 முதல் 96 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வேறு சிற்றினம். டிஎன்ஏ கலப்பினமாக்கலைக் கணினியில் கணக்கிடும் டிஜிட்டல் டிடிஹெச் 70 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். டிஒய்ஜிஎஸ் தளத்தில் ஜீனோமை ஏற்றினால் நெருங்கிய டைப் ஸ்ட்ரெயின்களைத் தானே தேடி இந்த எண்ணைத் தரும். அதில் மூன்று சூத்திரங்களின் முடிவு வரும். இரண்டாவது சூத்திரத்தைக் குறிப்பிடுங்கள், முழுமையடையாத ஜீனோமிலும் நீளத்தைச் சாராமல் கணக்கிடுவது அதுதான்.

ஏஎன்ஐ 95.3 என்று எல்லைக்கோட்டில் நின்றால்? அங்கேதான் முன்பு எடுத்து வைத்த மற்ற ஸ்ட்ரெயின்கள் கைகொடுக்கும். அவையெல்லாம் தங்களுக்குள் 98, 99 என்று நெருங்கி, பக்கத்துச் சிற்றினத்தோடு மட்டும் 95-இல் நின்றால் இடைவெளி உண்மையானது.

நெருங்கிய சிற்றினத்துக்குப் பொதுத் தரவில் ஜீனோமே இல்லையென்றால் அந்த டைப் ஸ்ட்ரெயினின் ஜீனோமையும் நீங்கள்தான் படிக்க வேண்டும். பட்ஜெட்டில் இதற்கு இடம் விடுங்கள்.

9. வளர்ச்சி எல்லைகளும் உடலியலும்

ஜீனோம் வந்துவிட்டதால் இது சடங்கு என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு உயிர் எந்த உப்பில், எந்தச் சூட்டில் வாழ்கிறது, எதைச் சாப்பிடுகிறது என்பதுதான் அந்த உயிர். நாளை வேறொருவர் இதை மீண்டும் வளர்க்க இந்தப் பக்கத்தைத்தான் திறப்பார்.

உப்புச் சோதனையில் எல்லாரும் ஒரே இடத்தில் விழுகிறார்கள். மரைன் அகாரில் 2 சதவீதம் சோடியம் குளோரைடு சேர்த்துவிட்டு "2 சதவீதத்தில் வளர்கிறது" என்று எழுதுவார்கள். மரைன் அகாரிலேயே லிட்டருக்கு 19.45 கிராம் சோடியம் குளோரைடு இருக்கிறது. உண்மையில் அது ஏறக்குறைய 4 சதவீதம். மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் உப்புகளை அப்படியே வைத்து, சோடியம் குளோரைடு இல்லாமல் ஊடகத்தை நீங்களே கூட்டித் தயாரியுங்கள். அதில் 0, 0.5, 1, 2 என்று ஏற்றி 12 அல்லது 15 சதவீதம் வரை போங்கள். "உப்பு இல்லாமலும் வளர்கிறது" என்று தெரிந்தால் உடனே எழுதாதீர்கள்: பழைய ஊடகத்தின் உப்பு விதைத்துளியோடு, அதாவது புது ஊடகத்தில் விடும் வளர்ப்புத் துளியோடு, வந்திருக்கும். அதே உப்பில்லா ஊடகத்துக்கு இன்னும் இரண்டு முறை மாற்றி, மூன்றாவதிலும் வளர்ந்தால் எழுதுங்கள்.

வெப்பம்: 4 டிகிரியில் "வளரவில்லை" என்று சொல்ல ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். பிஹெச்: ஒவ்வொரு அளவுக்கும் பொருத்தமான தாங்கல் கரைசல் சேர்த்து, ஆட்டோகிளேவிலிருந்து எடுத்தபிறகு மீண்டும் அளந்து பாருங்கள், 9-க்கு மேலே மக்னீசியம் வெள்ளையாகப் படிந்து, வளர்ச்சி போலவே கலங்கித் தெரியும். விதைக்காத குழாய் ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் இந்த ஏமாற்றம் இல்லை.

செல்சுவரைப் பொறுத்து கிராம்-பாசிட்டிவ், கிராம்-நெகட்டிவ் என்று பிரிக்கும் கிராம் சாயத்தில் சந்தேகம் வந்தால், கண்ணாடித் தகட்டில் 3 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு துளி வைத்து காலனியைக் கலக்கி லூப்பை மெல்ல உயர்த்துங்கள். கிராம்-நெகட்டிவாக இருந்தால் பாகு பதம் போல நூல் இழுக்கும். செல்சுவர் உடைந்து டிஎன்ஏ வெளியே வருவதால் அந்த நூல். மஞ்சள், ஆரஞ்சு காலனிகளுக்கு 20 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு: நிறம் சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறினால் ஃப்ளெக்சிருபின் நிறமி. ஆக்சிடேஸ் சோதனையில் நிக்ரோம் லூப் வேண்டாம், அந்த உலோகமே நீலத்தைக் காட்டிவிடும். மரக்குச்சியோ பிளாஸ்டிக் லூப்போ எடுங்கள்.

பல உடலியல் சோதனைகளை ஒரே பட்டையில் செய்யும் ஏபிஐ கிட்டுகள் மருத்துவப் பாக்டீரியாக்களுக்காக வடிவமைத்தவை. கூடவே வரும் குறிப்பில் சொல்லியபடி நீர்த்த உப்புநீரில் கரைத்தால் கடல் ஸ்ட்ரெயின்கள் செத்துப்போய் வரிசையாக நெகட்டிவ் வரும். செயற்கைக் கடல்நீரில் கரையுங்கள், 28 டிகிரியில் வையுங்கள், 24 மணி நேரத்தோடு 48 மணி நேரத்திலும் படியுங்கள். உங்கள் ஸ்ட்ரெயினும் டைப் ஸ்ட்ரெயின்களும் ஒரே நாளில், ஒரே கரைசலில். மூன்று முறை திரும்பச் செய்யுங்கள். ஒரு சோதனை ஒருமுறை பாசிட்டிவ், ஒருமுறை நெகட்டிவ் என்று ஆடினால் அது அட்டவணையில் வரக் கூடாது.

10. வேதிக்கூறுகள்

செல்லின் சவ்வில் உள்ள கொழுப்பமிலம், குவினோன், போலார் லிப்பிட் மூன்றும் பேரினத்துக்குள் உங்கள் ஸ்ட்ரெயின் சரியாகத்தான் உட்கார்கிறதா என்று காட்டும். ஃப்ளேவோபேக்டீரியேசி குடும்பமானால் மெனாகுவினோன்-6 முதன்மையாக வர வேண்டும், விப்ரியோவில் யூபிகுவினோன்-8, ஆல்ஃபாபுரோட்டியோபாக்டீரியா பிரிவில் பெரும்பாலும் யூபிகுவினோன்-10. எதிர்பாராத குவினோன் வந்தால் புதுமை என்று மகிழ்வதற்கு முன் தூய்மையைச் சந்தேகப்படுங்கள்.

இங்கே கவனம் ஒன்றுதான்: எல்லா ஸ்ட்ரெயின்களின் செல்களையும் ஒரே ஊடகத்தில், ஒரே வெப்பத்தில், ஒரே வளர்ச்சிக் கட்டத்தில் அறுவடை செய்வது. நேரத்தை வைத்து எடுக்காதீர்கள். ஒன்று 18 மணி நேரத்தில் எட்டும் கட்டத்தை இன்னொன்று 40 மணி நேரத்தில்தான் எட்டும். இந்தப் பகுப்பாய்வை வெளியே கொடுப்பதாக இருந்தால் உறைந்து உலர்ந்த செல்களை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பார்சலில் அனுப்புங்கள்.

11. சேமிப்பகங்களில் ஒப்படைத்தல்

ஏஎன்ஐ எண் கைக்கு வந்ததுமே இதைத் தொடங்குங்கள், கட்டுரை எழுதி முடித்தபிறகு இல்லை. ஒரு சேமிப்பகம் நீங்கள் அனுப்பியதை வளர்த்து, தூய்மை பார்த்து, உலர்த்தி, மீண்டும் உயிர்ப்பித்துப் பார்த்த பின்பே சான்றிதழ் தரும். அந்தச் சான்றிதழில் வளர்ப்பு கட்டுப்பாடில்லாமல் எவருக்கும் கிடைக்கும் என்று இருக்க வேண்டும். "அனுமதி பெற்றவருக்கு மட்டும்" என்று இருந்தால் பெயர் செல்லாது. இந்திய ஸ்ட்ரெயின்கள் பலமுறை சிக்கிக்கொண்ட இடம் இது. முதல் படியில் தரமணிக்குக் கடிதம் எழுதச் சொன்னதன் காரணம் இதுதான்.

நம் சட்டத்தின் 39-ஆவது பிரிவின்படி, புதிய வகைப்பாட்டு உயிரி எதைக் கண்டாலும் அறிவிக்கப்பட்ட களஞ்சியத்துக்குத் தெரிவித்து மாதிரியையும் ஒப்படைக்க வேண்டும். ஆகவே ஒன்று இந்தியாவில், ஒன்று வெளியே என்று திட்டமிட்டால் இரண்டு கடமையும் முடிந்துவிடும்.

அனுப்பும் குழாயில் உங்கள் ஊடகத்தின் செய்முறையையும் உப்பளவையும் எழுதிய தாளைக் கட்டி அனுப்புங்கள். அங்கே இருப்பவர் சாதாரண நியூட்ரியன்ட் அகாரில் போட்டுப் பார்த்து "உயிரில்லை" என்று எழுதிவிடக் கூடாது.

12. பெயர்

எல்லாரும் முதல் நாளே பெயரோடு வருகிறார்கள், அது இங்கேதான் வர வேண்டும்.

பெயர் லத்தீன் இலக்கணப்படி அமைய வேண்டும், பேரினத்தின் பாலோடு அடைமொழி (பெயரின் இரண்டாம் சொல்) இசைய வேண்டும். "பேக்டீரியம்" என்று முடியும் பேரினம் அஃறிணை போன்ற நடுப்பால், ஆகவே மரைனம். "பேக்டர்" என்று முடிந்தால் ஆண்பால், "மோனாஸ்" பெண்பால். ஊர்ப்பெயரிலிருந்து அடைமொழி உண்டாக்கினால் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் "என்சிஸ்", நடுப்பாலுக்கு "என்சே". அந்தப் பேரினத்தில் அதே அடைமொழி முன்பே இல்லை என்று எல்பிஎஸ்என்-இல் பாருங்கள். உங்கள் பெயரையே வைத்துக்கொள்வது மரபில்லை. ஊர்ப்பெயர் வைப்பவர்களிடம் நான் ஒன்று கேட்பேன்: நாளை இதே சிற்றினம் வேறு கடலில் கிடைத்தாலும் பெயர் பொருந்துமா? அகாரைக் கரைக்கும், மஞ்சள் நிறம் என்று பண்பைச் சொல்லும் பெயர் எங்கேயும் பொய்யாகாது.

13. எழுதுதலும் பதிவும்

சிற்றின விவரணையில் நீங்களே சோதித்தவை மட்டும். பாசிட்டிவ் எவ்வளவு முக்கியமோ நெகட்டிவும் அவ்வளவு. வேறுபடுத்தும் அட்டவணையில் நெருங்கிய சிற்றினங்களிலிருந்து பிரித்துக்காட்டும் பண்புகள் மட்டும் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் பொதுவானவை அடிக்குறிப்புக்குப் போகட்டும்.

பாக்டீரியா வகைப்பாட்டுக்கான சர்வதேச இதழான ஐஜேஎஸ்இஎம்-இல் விதிப்படி வெளியானால் பெயர் செல்லுபடியாகிறது. வேறு இதழில் வந்தால் அது போதாது. கட்டுரையையும் இரண்டு சேமிப்பகச் சான்றிதழ்களையும் ஐஜேஎஸ்இஎம்-க்கு அனுப்பி, அதன் செல்லுபடிப் பட்டியலில் ஏற்ற வேண்டும். அந்தப் பட்டியல் வெளியாகும் நாள்தான் பெயரின் பிறந்தநாள். கட்டுரை வந்ததோடு நின்றுவிட்டு, வருடக்கணக்கில் செல்லுபடியாகாமல் மேற்கோள் குறிக்குள்ளேயே கிடக்கும் பெயர்கள் நிறைய.

பட்டியலில் வந்தபின், உங்கள் வரிசைகளைப் பதிந்த பொதுத் தரவுத்தளமான ஜென்பேங்க்கைத் திறந்து பாருங்கள். உங்கள் 16எஸ்-உம் ஜீனோமும் இன்னும் பேரினப் பெயரோடு வெறும் ஸ்ட்ரெயின் எண்ணாகவே நிற்கும். புதிய பெயரையும் சேமிப்பக எண்களையும் எழுதி, திருத்தச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். அடுத்து யாரோ ஒரு மாணவர் தன் 16எஸ்-ஐப் போட்டுத் தேடும்போது முதலில் வந்து நிற்க வேண்டியது அந்தப் பெயர்.